சாரணர் குழுவின் பின்னால் நிற்கும் பெரியவர்கள்: கங்காணி வேலையல்ல, கைகொடுக்கும் வேலை

பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் தேசிய தின அணிவகுப்பிலும் சாரணர் சீருடை அணிந்த பிள்ளைகள் மிடுக்காக நடந்து வருவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். கழுத்தில் ஸ்கார்ஃப், சட்டையில் சின்னங்கள், கையில் கொடி. அந்தப் பிள்ளைகளை வாரந்தோறும் திடலுக்கு வரவழைத்து, முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் பழக்கி, முகாமுக்கு அழைத்துச் சென்று பத்திரமாக வீடு சேர்ப்பவர்கள் யார் என்று கேட்டால் பெற்றோரில் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

பெரும்பாலும் அவர் பள்ளியின் பொறுப்பாசிரியர். அவருக்குத் துணையாகப் பழைய மாணவர் ஒருவர், ஒரு பெற்றோர், வட்டாரத்தில் உள்ள மூத்த சாரணர் ஒருவர் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமைக் காலையையும் பள்ளி விடுமுறையையும் கொடுத்துவிட்டு, பல வேளைகளில் பெட்ரோல் செலவையும் சொந்தப் பையிலிருந்தே போடுகிறார்கள்.

இவர்கள் இருக்கும் வரை குழு இருக்கும். இவர்கள் போய்விட்டால், பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் குழு நிற்காது. ஆகவே இவர்கள் உண்மையில் செய்வது என்ன, நம்மில் யார் இதற்கு முன்வரலாம், பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இயக்கம் வந்த வழி

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுமாகச் சுமார் 20 சிறுவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக நியமித்தார். அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

மறு ஆண்டிலேயே, அதாவது 1908இல், பினாங்கில் சாரணர் இயக்கம் தொடங்கியதாக நம் நாட்டுச் சாரணர் வரலாறு சொல்கிறது. 1910இல் சிங்கப்பூர் வந்த ஃபிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் என்பவர் அங்கும் மலாயாவிலும் இயக்கத்தை வளர்த்தார். மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை என்று அவரை அழைப்பதுண்டு. 1957இல் மலாயா உலகச் சாரணர் அமைப்பில் உறுப்பு நாடானது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தால் மட்டும் போதாது, அவர்களை நடத்தும் பெரியவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பது விரைவிலேயே புரிந்தது. 1919 செப்டம்பரில் லண்டனுக்கு அருகிலுள்ள கில்வெல் பார்க்கில் தலைவர்களுக்கான முதல் பயிற்சி நடந்தது. அதை முடித்தவர்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மரமணிகள் வழங்கப்பட்டன. நம் நாட்டில் இதைத்தான் மானிக் காயு என்கிறார்கள். அடுத்த முறை சாரணர் நிகழ்ச்சியில் யார் கழுத்திலாவது அந்த இரண்டு மணிகளைப் பார்த்தால், அவர் அலங்காரத்துக்காகப் போட்டிருக்கவில்லை, பயிற்சி முடித்த தலைவர் என்று அறிந்துகொள்ளலாம்.

பொறுப்பாளரின் வேலை என்ன?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் தெரியும். விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு, யார் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று மேலிருந்து சொல்வார்கள். சொன்னதைச் செய்தால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் சாரணர் கூட்டமும் அப்படித்தான் தெரியும்: வரிசை, விசில், கட்டளை. ஆனால் அது முதல் பத்து நிமிடம்தான். நல்ல குழுவில் அதற்குப் பிறகு பெரியவரின் குரல் குறைந்து பிள்ளைகளின் குரல் கேட்கத் தொடங்கும்.

சாரணர் குழு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அணிக்கும் தலைவரும் துணைத் தலைவரும் பிள்ளைகளே. அணித் தலைவர்கள் கூடும் மன்றத்தில்தான் அடுத்த மாதம் என்ன செய்வது, எந்த அணிக்கு எந்த வேலை, சண்டை போட்ட இருவரை எப்படிச் சமாதானம் செய்வது என்பதெல்லாம் பேசி முடிவாகும். பெரியவர் அங்கே உட்கார்ந்திருப்பார், கேட்பார், தேவைப்பட்டால் ஒரு கேள்வி கேட்பார். “அன்றைக்கு மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?” என்ற ஒரு கேள்வி பத்து நிமிட அறிவுரையைவிடப் பயன் தரும்.

உலகச் சாரணர் அமைப்பு தன் பயிற்சி முறையை எட்டுக் கூறுகளாக விளக்குகிறது. வாக்குறுதியும் சட்டமும், செய்து கற்றல், அணி முறை, இயற்கை, சமூகப் பணி போன்றவற்றோடு ‘பெரியவர்களின் ஆதரவு’ என்பதும் அவற்றுள் ஒன்று. அங்கே சொல்லப்பட்டிருப்பது ஆதரவு, அதிகாரம் என்று சொல்லப்படவில்லை. பிள்ளைகளை நன்றாக அடக்கி வைத்திருக்கிறார் என்று பெற்றோர் ஒரு பொறுப்பாளரைப் புகழ்வதுண்டு. அவர் இல்லாத நாளில் அந்தப் பிள்ளைகள் தாமாகவே கொடியேற்றிக் கூட்டத்தைத் தொடங்குவார்களா என்பதுதான் உண்மையான அளவுகோல்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

இந்த வேலையில் மிகக் கடினமானது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். முகாமில் பதின்மூன்று வயதுப் பிள்ளை சோறு வடிக்கிறான். தண்ணீர் போதாது என்று பார்த்தவுடனே தெரிகிறது. பெரியவரின் கை பரபரக்கும். ஆனால் ஒரு வேளை சோறு அடிபிடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. சாப்பிட்ட பிறகு அணியாக உட்கார்ந்து, எங்கே தவறியது, நாளைக்கு எப்படிச் செய்யலாம் என்று பேசினால் மறுநாள் சோறு பதமாக வரும். பெரியவரே கரண்டியைப் பிடுங்கி வடித்திருந்தால் சோறு நன்றாக இருந்திருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் வந்திருக்காது.

கூடாரம் சரிவது, சாமான் பட்டியலில் உப்பை மறப்பது, விளையாட்டில் தோற்பது ஆகியவை அனுமதிக்கக்கூடிய தவறுகள். நெருப்பு, கத்தி, ஆறு, இடி மின்னல் ஆகியவை அந்தப் பட்டியலில் சேரமாட்டா. அங்கே பெரியவர் ஒரு நொடியும் தயங்கக்கூடாது.

குறிப்பாக ஆறும் நீர்வீழ்ச்சியும். நம் நாட்டில் கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும், நீர்மட்டம் ஏறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே எல்லாரையும் கரையேற்றி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பையை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று யாரையும் திரும்ப விடக்கூடாது. மேலே கருமேகம் தெரிந்தாலே ஆற்றில் இறங்காமல் இருப்பது அதைவிட நல்லது. கூடாரத்தை ஆற்றோரத் தாழ்வில் அடிக்காமல் இருப்பதும் அப்படியே.

மதியத்துக்குப் பிறகு இடி முழங்கினால் திடலில் அணிவகுப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போவதும், வெயில் நேரத்தில் தண்ணீர் குடிக்க இடைவெளி விடுவதும், ஆஸ்துமா அல்லது வலிப்பு உள்ள பிள்ளை யார், மருந்து எங்கே என்று தெரிந்து வைத்திருப்பதும் இதே பொறுப்பில் அடங்கும். முதலுதவி தெரிந்த ஒரு பெரியவராவது ஒவ்வொரு முகாமிலும் இருக்க வேண்டும்.

பேசாத பிள்ளை, சீருடை வாங்க முடியாத பிள்ளை

ஒரு குழுவில் துடிப்பான நான்கு பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களை வைத்துப் போட்டியில் வெல்வது எளிது. பொறுப்பாளரின் கண் தேட வேண்டியது பின்வரிசையில் நிற்கும் பிள்ளையை. வகுப்பில் வாய் திறக்காதவன் முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரனாக இருப்பான். அவனையே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், அவன் பேசத் தொடங்கும் முதல் இடம் அதுவாக இருக்கலாம்.

மூன்று வாரம் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றி விசாரிப்பதும் பொறுப்பாளரின் வேலைதான். பல நேரங்களில் காரணம் சோம்பலாக இருக்காது. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட், வீட்டில் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, கொண்டுவிட வண்டி இல்லை. சீருடை, காலணி, ஸ்கார்ஃப், பெல்ட் என்று எல்லாம் சேர்த்து வாங்கப் பணம் இல்லாத வீடுகளும் உண்டு. “சீருடை இல்லாமல் வராதே” என்ற ஒரு வார்த்தையில் அந்தப் பிள்ளை திரும்பியே வராமல் போய்விடும். வளர்ந்துவிட்ட மூத்தவர்களின் சீருடையைத் துவைத்து, தேய்த்து, பெட்டியில் வைத்திருந்து, யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் பழக்கம் பெரிய செலவில்லாமல் இதைத் தீர்க்கும்.

தோட்டத்தில் ஒரு பிள்ளையைப் பார்க்க நூறு கண்கள் இருந்தன. லயத்தில் அடுத்த வீட்டு அக்கா, கோயில் தலைவர், திடலில் பந்து சொல்லிக்கொடுத்த அண்ணன் என்று யாராவது கண்டிக்கவும் இருந்தார்கள், அணைக்கவும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபோது அந்தக் கண்கள் சிதறிப்போயின. அப்பா லாரியில், அம்மா இரவு வேலையில் என்றால் மாலையில் பிள்ளையிடம் “இன்றைக்கு எப்படி இருந்தது?” என்று கேட்க ஆளில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்று, சாப்பாடு வாங்கிக்கொடுத்து, “தம்பி” என்று கூப்பிட்டுக் கும்பலுக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவர்கள். வாரம் தவறாமல் வரும் ஒரு நல்ல பெரியவர் பிள்ளைக்கு இருந்தால், அந்த அழைப்பு அவ்வளவு எளிதில் எடுபடாது.

மதிப்பெண்ணும் அதற்கு மேலும்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் கணக்கிடப்படுகிறது. சீருடை இயக்கத்தில் வருகை, வகித்த பொறுப்பு, கலந்துகொண்ட நிகழ்ச்சியின் நிலை, அடைவு ஆகியவை இதில் சேரும். ஒரே ஒரு புள்ளியில் துறை கைநழுவிப்போவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

ஆகவே ஐந்தாம் படிவத்தில் சான்றிதழ் தேடி ஓடுவதைவிட முதலாம் படிவத்திலேயே சேர்ந்து படிப்படியாக ஏறுவது நல்லது. தொடக்கப் பள்ளி, கீழ் இடைநிலை, மேல் இடைநிலை, 18 வயதுக்கு மேல் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பிரிவும் தனிச் சின்னங்களும் உண்டு. மேல் இடைநிலைப் பிரிவில் மிக உயர்ந்தது பெங்காகாப் ராஜா எனப்படும் பேரரசர் சாரணர் விருது. அதற்குரிய சோதனைகளையும் பதிவேட்டையும் ஒரு பிள்ளை தனியாகச் சமாளிப்பது கடினம். எந்தச் சின்னம் எப்போது எடுக்க வேண்டும், எந்தக் கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும் என்று கூடவே நின்று சொல்ல ஒரு பெரியவர் தேவை. வழிகாட்ட ஆளில்லாததால் வாய்ப்பைத் தவறவிடும் பிள்ளைகளில் திறமைசாலிகளும் இருப்பார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. புதிய பள்ளி, புதிய முகங்கள், எல்லாம் மலாய் மொழியில். அங்கே சாரணர் குழுவில் சேர்ந்தால், தெரிந்த முடிச்சும் தெரிந்த வாக்குறுதியும் முதல் நாளிலேயே அவனுக்கு ஓர் இடம் பிடித்துத் தரும். மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுவதில் மொழியும் வரும், நட்பும் வரும்.

நம்பிக்கைக்கும் வரம்பு வேண்டும்

பிள்ளைகளோடு நெருங்கிப் பழகும் எந்த இடத்திலும் தவறான நோக்கத்தோடு வருபவர் இருக்கலாம். இதைச் சொல்வதால் நல்ல தன்னார்வலர்கள் மனம் நோகத் தேவையில்லை. முறையான விதிகள் பிள்ளையையும் காக்கும், பெரியவரின் பெயரையும் காக்கும்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ வண்டியிலோ கூடாரத்திலோ தனித்து இருக்கக்கூடாது. முகாமில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண் பொறுப்பாளரும் வேண்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுக்கக்கூடாது. வாட்ஸ்அப் செய்தி என்றால் பெற்றோரும் இருக்கும் குழுவில் போகட்டும். இரவில் தனிப்பட்ட செய்தி வேண்டாம். “இது நமக்குள் இருக்கட்டும்” என்று எந்தப் பெரியவரும் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. மூத்தவர்கள் இளையவர்களை அவமானப்படுத்தும் ‘வரவேற்பு’ விளையாட்டுகளுக்கும் இடமில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017, பிள்ளையை நயமாகப் பேசி வசப்படுத்துவதையே ஒரு குற்றமாக்கியிருக்கிறது. பிள்ளை நம்பும் பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. குற்றம் நடப்பது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் தராமல் இருப்பதும் குற்றமே. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைப்பதற்கு வழியில்லை. சந்தேகம் இருந்தால் போலீசில் புகார் செய்யலாம்; தாலியான் காசே 15999 எண்ணையும் அழைக்கலாம்.

முகாமுக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் சில கேள்விகள் கேட்கலாம். எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், அவர்கள் பெயர் என்ன? பள்ளிவழி நடக்கும் முகாம் என்றால் உரிய அனுமதி பெறப்பட்டுவிட்டதா? தூங்கும் ஏற்பாடு என்ன? ஆற்றில் இறங்குவார்களா? அவசரத்தில் யாரை அழைப்பது, பக்கத்து மருத்துவமனை எது? நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். பதிலைக் கையிலேயே வைத்திருப்பார்.

யார் முன்வரலாம்?

“எனக்குச் சாரணர் அனுபவம் இல்லை” என்று ஒதுங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு குழுவுக்குத் தேவையான பல திறமைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. லாரியில் சரக்கை ஏற்றிக் கென்வஸ் இழுத்துக் கட்டுபவருக்கு, காற்றில் அவிழாத முடிச்சு எது என்று எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகத் தெரியும். கோயில் திருவிழாவில் அன்னதானம் சமைப்பவர் நாற்பது பேருக்கு அரிசி எவ்வளவு என்று கண்ணாலேயே அளப்பார். பால் மரம் சீவிய பாட்டிக்கு அட்டைக் கடிக்கு என்ன செய்வது, புதரில் எங்கே கால் வைக்கக்கூடாது என்று தெரியும். தாதி முதலுதவி சொல்லித் தரலாம். கணக்கர் ஒருவர் குழுவின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளலாம். வண்டி வைத்திருப்பவர் மூன்று பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டில் விட்டுவரலாம்.

எப்போதாவது ஒரு நாள் வந்து கற்றுக்கொடுப்பது ஒரு வகை உதவி. நிரந்தரமாகப் பிள்ளைகளை வழிநடத்த விரும்புவோர் முறைப்படி பதிவு செய்து, வட்டாரச் சாரணர் ஆணையர் வழியாகத் தவுலியா எனப்படும் நியமனம் பெற வேண்டும். அதன் பிறகு அடிப்படைப் பயிற்சி, தொடர்ந்து மானிக் காயு என்று படிப்படியாக ஏறலாம். பள்ளிக் குழு என்றால் முதலில் தலைமையாசிரியரையும் பொறுப்பாசிரியரையும் சந்தித்துப் பேசுவதுதான் முறை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறைதான் வர முடியும் என்றால் அதையே சொல்லி, அந்த ஒரு நாள் தவறாமல் வந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் வருகிறேன் என்று சொல்லி இரண்டு மாதத்தில் மறைந்துவிடுவது, ஏற்கெனவே பெரியவர்களின் வாக்குறுதி பொய்த்துப் பழகிய பிள்ளைக்கு இன்னோர் அடி.

ஆசிரியர் மாற்றலானால் குழுவை மூடுவதா?

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, குறைந்த மாணவர்களும் சில ஆசிரியர்களும் கொண்ட சிறிய பள்ளிகள். அங்கே ஒரே ஆசிரியர் சாரணர், பூப்பந்து, தமிழ்மொழிக் கழகம் என்று மூன்றையும் சுமப்பார். அவருக்கு மாற்றல் கடிதம் வந்த அன்றே குழு தள்ளாடத் தொடங்குகிறது. கூடாரம் ஸ்டோரில் பூஞ்சை பிடிக்கும், பதிவேடு காணாமல் போகும், பாதியில் நின்ற பிள்ளைகளின் சின்னங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இதைத் தடுக்கப் பெரிய திட்டம் தேவையில்லை. பொறுப்பாளர் ஒருவரே இருந்தால் துணைக்கு இன்னொருவரை இப்போதே பழக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல், சின்னப் பதிவு, பொருள் கணக்கு, வட்டாரத் தொடர்பு எண்கள் ஆகியவை ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று பள்ளி அலுவலகத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சாரணர் குழுவின் நிலை ஆண்டுக்கு ஒரு முறையாவது பேசப்பட வேண்டும். பள்ளியை விட்டுப் போன மூத்த சாரணர்களை மறந்துவிடாமல், 18 வயதானதும் பயிற்சி பெற்று உதவியாளராகத் திரும்பி வரும்படி அழைக்க வேண்டும். தன் அண்ணனிடம் கற்றதைத் தம்பிக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால், எந்த ஆசிரியர் மாறினாலும் குழு மாறாது.

பிள்ளை சாரணர் குழுவில் இருக்கும் பெற்றோர் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பாமல், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பொறுப்பாளரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, “சார், அடுத்த முகாமுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்கலாம். பல குழுக்களுக்கு இரண்டாவது பெரியவர் கிடைப்பது அப்படித்தான்.